புதியவர் முதலில் பேச வேண்டும்

ஆகஸ்ட் 14, வியாழன்

சொல்ல வேண்டிய இடத்தில் வாய் திறக்காமல் இங்கே வந்து எழுதுவதற்கு மன்னிக்கவும்.

எங்கள் கேம் கம்பெனித் தலைவி மாலா அக்காவின் கூட்டத்தில் புதியவர்தான் முதலில் பேச வேண்டும். பெரியவர்கள் தொடங்கினால் மற்றவர்கள் ஆமாம் போட்டுவிடுவார்களாம். இன்று என் முறை.

"சொல்லுமா, கேமை நாளைக்கு ரிலீஸ் பண்ணலாமா?"

"ஓகே லா, அக்கா."

உடனே எல்லாரும் எனக்கே ஆமாம் போட்டார்கள்.

நேற்று ஷிப்ட் முடிந்து வந்த அம்மா அந்த கேமை விளையாடிப் பார்த்தார். முதல் கதவையே திறக்க முடியவில்லை. "எனக்குப் படிப்பு இல்லல, அதான்," என்று சிரித்தபடி போனைத் தந்தார். எங்கே தொட வேண்டுமென்று ஆங்கிலத்தில் மட்டும் எழுதியவள் நான்.

மாலா அக்காவுக்கு எழுதிய மெசேஜை மூன்று முறை அழித்துவிட்டேன். இது நான்காவது: அக்கா, நாளைக்கு ரிலீஸ் வேணாம். எனக்கு ரெண்டு நாள் குடுங்க.