வியாழக்கிழமைப் பயிற்சிப் படம்

ஜனவரி 13, ஞாயிறு

நேற்று கூடைப்பந்தில் எழுபத்தொன்றுக்கு அறுபத்தாறு. ஜெயித்தோம். சர்ச்சில் பாதிரியார்கூட பிரசங்கத்தைப் பாதியில் முடித்துக்கொண்டு ஆட்டத்தைப் பற்றிப் பேச இறங்கி வந்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் கோழியை அடுப்பில் ஏற்றிவிட்டு, அடுத்த வாரம் எங்களை எதிர்த்து ஆடப்போகும் கல்லூரிக்கு ஆட்டத்தின் வீடியோப் படத்தை அனுப்பினேன். எங்கள் லீக்கில் அது முறை. கடைசியாக ஆடிய ஆட்டத்தின் படத்தை நாம் அவர்களுக்குத் தர வேண்டும், அவர்கள் நமக்குத் தர வேண்டும், ஞாயிறு மதியத்துக்குள். எங்கள் கல்லூரி அணிக்குப் பதினோரு வருடமாக நான்தான் படம் எடுக்கிறேன், நான்தான் அனுப்புகிறேன்.

கோழி அடிப்பிடித்துவிட்டது. நார்ம் ஒன்றும் சொல்லாமல் தின்றான். ஜெயித்த வாரத்தில் என் புருஷனுக்கு எல்லாமே ருசி.

ஜனவரி 16, புதன்

டி.வி.யில் எங்கள் ஜிம். கடவுளே.

போன வியாழக்கிழமை நான் எடுத்த பயிற்சிப் படம். எங்கள் அணிப் பையன் டெரல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறான். மூன்றடி தள்ளி கோச் டில்மன். பந்தை எடுத்து அவன் முகத்தில் எறிகிறார். "கண்ணை மூடுனே, மறுபடி முதல்லேர்ந்து" என்கிறார். மறுபடி எறிகிறார். ஆறு முறை.

பந்துக்குப் பயப்படாமல் இருக்கக் கற்றுக்கொடுக்கிறாராம். எங்கள் ஊர் பெல்ஹேவனில் இதற்குப் பெயரே உண்டு, 'கண் திறப்பு'. நார்ம் அவரிடம் ஆடிய காலத்தில் வாங்கியிருக்கிறான். கோணல் மூக்கைத் தொட்டுக் காட்டி விருந்தாளிகளிடம் பெருமையடிப்பான். நானும் சிரித்திருக்கிறேன்.

அனுப்பிய பட்டியலைத் திறந்து பார்த்தேன். சனிக்கிழமை ஆட்டம் போகவே இல்லை. அதற்கு மேலே இருந்த வியாழக்கிழமைப் படம் போயிருக்கிறது. கோழியை இறக்க ஓடிய அவசரத்தில் — அய்யோ. நான்தான். அங்கே யாரோ அதை டி.வி.க்குக் கொடுத்துவிட்டார்கள்.

ஜனவரி 18, வெள்ளி

கோச்சை வேலையைவிட்டு நீக்கிவிட்டார்கள். இருபத்தாறு வருடம். இரண்டு வரி அறிக்கை.

டி.வி.யில் நியூயார்க்கிலிருந்து பேசுகிறவன் மேஜையைத் தட்டுகிறான்: "இந்த மிருகத்தை இத்தனை நாள் யார் வளத்தது?" அடுத்து குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இந்தப் படத்தைத் துணிஞ்சு வெளிய கொண்டுவந்த அந்த முகம் தெரியாத மனுஷருக்கு நாடே கடமைப்பட்டிருக்கு" என்றான்.

எனக்கா? அடுப்பங்கரையில் கரண்டியும் கையுமாக நின்றேன்.

ஜனவரி 20, ஞாயிறு

சர்ச் வாசல் பலகையில் 'கோச், நாங்கள் உங்களோடு'. தானியக் கிடங்கின் பலகையிலும் அதே. கல்லூரித் தலைவர் வீட்டு வாசலில் நானூறு பேர், பாண்டு வாத்தியத்தோடு.

டாட்டியின் சாப்பாட்டுக் கடையில் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. டாட்டி காபியை ஊற்றிக்கொண்டே கத்துகிறாள்: "அரை நிமிஷப் படத்தைப் பார்த்துட்டு நம்ம ஊருக்குத் தீர்ப்பு சொல்ல வந்துட்டானுங்க! என் மவன் தறுதலையாத் திரிஞ்சப்போ அவனைத் தன் வீட்டுல வச்சுச் சோறு போட்டவரு கோச். அதை எவன் படம் புடிச்சான்?"

அதுவும் உண்மைதான். அதுதான் என்னைக் கொல்கிறது.

"அனுப்பினது யாருன்னு தெரியாதா என்ன?" என்றான் நார்ம். "கர்ட் ஆஸ்டர்தான்." கர்ட் துணைக் கோச். கிறிஸ்துமஸ் சமயத்தில் டில்மனோடு சண்டை போட்டவன், போதாததற்கு வெளியாள், ஒஹாயோவிலிருந்து வந்தவன். கடை மொத்தமும் தலையாட்டியது. நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டி.வி.க்காரர்கள் டெரலை 'டெர்ரி' என்கிறார்கள். இங்கே அவன் பெயரையே எடுப்பதில்லை. அந்தப் பையன் எப்படி இருக்கிறான் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. நான் மட்டும் கேட்டேனா?

ஜனவரி 26, சனி

கர்ட்டின் மனைவி டாட்டி கடையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாளாம். யாரும் ஒரு டம்ளர் தண்ணீர்கூட வைக்கவில்லை. நார்ம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். நாளைக்குச் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு.

ஜனவரி 27

சொல்லவில்லை.

பிப்ரவரி 2, சனி

கல்லூரியில் இருக்கும் என் அறைக்குக் கர்ட் வந்தான், அட்டைப்பெட்டியோடு. தன் பொருட்களை எடுக்க வந்தானாம். கதவைச் சாத்தினான்.

"ஜோலின், எனக்குத் தெரியும். அனுப்பின படங்களோட பட்டியல் எனக்கும்தான் வருது. உன் பேர் போட்டிருக்கு."

"அப்புறம் ஏன் சும்மா இருக்கே?"

"சொன்னா மட்டும் விட்டுருவாங்களா? உன்னையும் சேர்த்துக் கடிப்பாங்க." பெட்டியில் விசிலைப் போட்டான், எடுத்தான், மறுபடி போட்டான். "ஆறு வருஷம் அவர் பக்கத்துலயே நின்னு பந்தை எடுத்து எடுத்துக் கொடுத்தவன் நான். நான் அனுப்பியிருக்கணும். நீ செஞ்சே. பெரிய மனசு உனக்கு."

தவறிப்போய் அனுப்பினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். மூடிக்கொண்டேன். ஒருத்தனாவது என்னை அப்படி நினைக்கட்டும் என்று ஒரு நிமிடம் ஆசைப்பட்டுவிட்டேன். எவ்வளவு கேவலம்!

பிப்ரவரி 9, சனி

சொல்லிவிட்டேன். டாட்டி கடையில், மத்தியானம், கூட்டம் நிரம்பியிருந்தபோது எழுந்து நின்று. "கர்ட் இல்ல. படத்தை அனுப்பினது நான். ஆட்டப் படம்னு நினைச்சு மாத்தி அனுப்பிட்டேன்."

டாட்டி என் தோளைத் தட்டிக்கொடுத்தாள். "உக்காரு கண்ணு. அவன் பொண்டாட்டி வந்து அழுதாளாக்கும்?"

"அழல. நான்தான்னு சொல்றேன்."

"பதினோரு வருஷமா ஒரு படம் மாறினதில்ல. இப்ப மாறிடுச்சா? போடி."

நார்ம் சிரித்தான். "இவளுக்கு இளகின மனசுப்பா. எலிப்பொறியில எலி மாட்டினாக்கூட அழுவா." எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சூப் வந்தது.

காரில் ஏறியதும் நார்மின் சிரிப்பு நின்றுவிட்டது. "பொய்தானே, ஜோ?"

"இல்ல."

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "இனிமே யார்கிட்டயும் சொல்லித் தொலைக்காதே" என்றான்.

பிப்ரவரி 16

நார்ம் இன்னும் கர்ட் பெயரைத்தான் சொல்லித் திரிகிறான். முன்பைவிடச் சத்தமாக. என்னைக் காப்பாற்றுகிறானாம். ஒரே மேஜையில் சாப்பிடுகிறோம், முகம் பார்ப்பதில்லை.

மார்ச் 3, ஞாயிறு

ஆஸ்டர் குடும்பம் ஊரைவிட்டே போய்விட்டது. டி.வி.யில் இப்போது வேறு கல்லூரி, வேறு படம். எங்களை மறந்தே போனார்கள். இங்கே ஒருவரும் மறக்கவில்லை.

பயிற்சியைப் படம் எடுக்கும்போது கண்ணைக் கேமராவில் வைத்தால் அந்தச் சத்தம் கேட்கிறது. பந்து முகத்தில் படும் சத்தம். புதுக் கோச் அப்படியெல்லாம் செய்வதில்லை. ஆனாலும் எனக்குக் கேட்கிறது. அன்றைக்கு அது எனக்குக் கேட்டதா? நினைவில்லை. வெளிச்சம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

டெரலுக்குப் போன் செய்தேன். பிப்ரவரியிலேயே படிப்பை விட்டுவிட்டு கேரி நகரில் இருக்கும் அம்மாவிடம் போய்விட்டான். ஒரு கிடங்கில் வேலையாம். மூன்று மாதம் ஆகியிருக்கிறது, எனக்கு ஒரு போன் செய்ய.

"மிஸ் ஜோலின்! எப்படி இருக்கீங்க?" அதே மரியாதை.

மன்னிப்புக் கேட்டேன். அன்றைக்கு நிறுத்தச் சொல்லாததற்கு. அவன் முகத்தை ஊரெல்லாம் பார்க்க வைத்ததற்கு. அந்தப் படத்தை அனுப்பியது நான்தான் என்றேன்.

"நீங்களா?" குரலே மாறிவிட்டது, அத்தனை சந்தோஷம். "நான் அம்மாகிட்ட சொல்லிட்டே இருப்பேன். அந்த ஜிம்முல ஒருத்தருக்காவது பொறுக்கல, அதனாலதான் அனுப்பியிருக்காங்கன்னு. அதை நினைச்சுக்கிட்டுத்தான் தூங்கவே முடிஞ்சுது. நீங்களா அது?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். யாருக்கு என்ன நஷ்டம்? கர்ட்டிடம் சும்மா இருந்தவள்தானே நான்.

"இல்லப்பா. ஆட்டப் படம்னு நினைச்சு மாத்தி அனுப்பிட்டேன்."

கிடங்கில் ஏதோ வண்டி பின்னோக்கி நகரும் சத்தம் கேட்டது.

"ஓ" என்றான். "அப்போ யாருமே இல்ல."

"டெரல்..."

"பரவால்ல, மிஸ் ஜோலின். இடைவேளை முடிஞ்சுடுச்சு. நான் உள்ள போகணும்."