கோட்டை வாசலில் பன்னிரண்டு மணி

பிப்ரவரி 7, சனிக்கிழமை காலை

வாண்டுவின் அப்பாவுக்கு,

இங்கே நலம். நீங்களும் நலம் என்று உங்கள் மகள் வாராவாரம் சொல்கிறாள். போன வாரம் சட்டையில் பட்டனை மாற்றிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனதையும் சொன்னாள்.

நாம் போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை என்பதால், அவள் கண்டுபிடித்த இந்தக் கடித ஏற்பாடு நன்றாகத்தான் இருக்கிறது. ஒன்பது வயதில் நமக்குத் தபால்காரியாகிவிட்டாள். சனிக்கிழமை உங்கள் வீட்டுக்கு வரும்போது ஒன்று, ஞாயிறு சாயங்காலம் என்னிடம் திரும்பும்போது ஒன்று. உறையை நன்றாக ஒட்டுங்கள். அவளை நம்பலாம், அவள் கண்ணை நம்ப முடியாது.

விஷயம் இரண்டு. தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் எனக்குப் பதவி உயர்வு வந்திருக்கிறது. கூடவே மாற்றல். ரயிலில் ஒன்பது மணி நேரம். மே மாதம் சேர வேண்டும். வாண்டுவை அங்கே பள்ளியில் சேர்க்க அப்பாவின் சம்மதம் கேட்கிறார்கள். படிவம் உள்ளே இருக்கிறது. நீங்கள் கையெழுத்துப் போடாவிட்டால் நான் போகப்போவதில்லை. போட்டால் உங்களுக்குச் சனிக்கிழமைகள் கிடையாது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது, அவள் பிறந்தநாளுக்கு நாம் வாக்குக் கொடுத்த பயணம். வெள்ளைக்காரன் கட்டிய கடற்கரைக் கோட்டை, பிறகு கடல், ஒரு ராத்திரி தங்கல். "ரெண்டு பேரும் வரணும். ஒருத்தர் வந்தா அது டூர் இல்ல, ஸ்கூல் லீவு" என்கிறாள். 21, 22 தேதிகளில் எனக்கு விடுப்பு உண்டு. பயணம் முடிந்தபிறகு படிவத்துக்குப் பதில் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
வாண்டுவின் அம்மா


பிப்ரவரி 8, ஞாயிறு

வாண்டுவின் அம்மாவுக்கு,

பதவி உயர்வுக்கு வாழ்த்துகள். இதை மனதாரத்தான் எழுதுகிறேன். அந்தக் கூடத்தில் பன்னிரண்டு வருடமாகப் பாட்டில் பாட்டிலாக ஊரார் குடிக்கும் தண்ணீரை முகர்ந்து பார்த்தவள் நீ. தாமதமாக வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

படிவத்தைப் படித்தேன். மடித்து அலமாரியில் வைத்தேன். எடுத்து மறுபடி படித்தேன்.

பயணத்துக்குச் சரி. அந்த வாரம் வேறொரு மெக்கானிக்கை ஏற்பாடு செய்துவிட்டேன். எவன் லிஃப்டில் மாட்டினாலும் அவன் பாடு. ஆனால் நாம் இருவரும் நாள் முழுக்க ஒன்றாக இருந்தால் என்ன ஆகும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் ஒரு யோசனை. காலையில் கோட்டை என் பொறுப்பு. பகல் பன்னிரண்டுக்குக் கோட்டை வாசலில் உன்னிடம் ஒப்படைத்துவிட்டு நான் ஒதுங்கிவிடுகிறேன். சாயங்காலம் கடல் உன் பொறுப்பு. மறுநாள் மாற்றிக்கொள்வோம். அவள் முன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டி வராது.

நான் வராமல் போன உன் ஆபரேஷன் நாளைப் பற்றி இந்தக் கடிதத்தில் விளக்கம் எதுவும் இல்லை. பயப்படாமல் படித்துவிட்டுப் பத்திரமாக வை.

வாண்டுவின் அப்பா


பிப்ரவரி 14, சனிக்கிழமை

சம்மதம். காலை உங்களுக்கு, மாலை எனக்கு. அறை இரண்டு சொல்லிவிட்டேன். அவள் ஏற்கெனவே பையைக் கட்டிவிட்டாள், கால் தரையில் நிற்கவில்லை. தொப்பியை மறக்காதீர்கள், உங்களுக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது.

வா. அம்மா


பிப்ரவரி 28, சனிக்கிழமை

வாண்டுவின் அப்பாவுக்கு,

ஒரு வாரமாகக் கோபத்தை ஆறவைத்துக்கொண்டிருந்தேன். முழுதாக ஆறவில்லை.

நான் சரியாகப் பன்னிரண்டுக்கு வாசலில் வந்து நின்றேன். நீங்கள் இல்லை. வழக்கம்போல லேட் என்று நினைத்துக்கொண்டேன். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், இருபது நிமிடம். திட்டுவதற்கு வார்த்தைகளைக்கூட அடுக்கிவைத்தாயிற்று. அப்போது எதிர்ப்பக்கம் டீக்கடையிலிருந்து நீங்கள் எட்டிப் பார்க்கிறீர்கள், கையில் டம்ளரோடு, தனியாக! "குழந்தை எங்க?" என்று நான் கேட்க, "உங்கிட்டதானே அனுப்பினேன்" என்று நீங்கள் சொல்ல, இருவருமாகக் கோட்டைக்குள் ஓடினோம்.

உங்கள் கடிகாரம் பத்து நிமிடம் முன்னால் ஓடுகிறது. அதை அப்படி வைத்தது நான்தான். கல்யாணமான புதிதில், நீங்கள் எங்கும் நேரத்துக்கு வராததால். இன்னுமா அதைத் திருத்தவில்லை? உங்கள் பன்னிரண்டுக்குத் தூரத்திலிருந்தே "அம்மா அங்கதான் இருப்பா, போ" என்று அனுப்பிவிட்டீர்கள். நான் எப்போதும் முன்னாலேயே வருவேன் என்ற நம்பிக்கை. அன்றைக்கென்று நான் உங்கள் கண்ணில் படக்கூடாதே என்று அறையிலேயே காத்திருந்து மணி பார்த்து வந்தேன். வேறு எந்த அப்பா அம்மாவுக்காவது இப்படித் தப்புச் செய்ய வருமா? ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்க எவ்வளவு மெனக்கெட்டோம்.

நீங்கள் ஒற்றைச் செருப்போடு பீரங்கி மேடை வரை ஓடியதைப் பார்த்தேன். குரல் உடைந்து அவளைக் கூப்பிட்டதையும் கேட்டேன். அதையும் எழுதாவிட்டால் நியாயமில்லை.

கோட்டையில் அந்தக் காலத்துக் கவர்னர் சாப்பிட்ட கூடத்தில் தரையில் காதை வைத்துப் படுத்திருந்தாள், ஞாபகமிருக்கிறதா? உயிர் போய் உயிர் வந்த நமக்கு முன்னால், சாவகாசமாகத் தலையைத் தூக்கினாள். கீழே கைதிகளை அடைத்த அறையில் சுற்றிப் பார்க்க வந்த ஏதோ ஒரு குடும்பத்துப் பெண்ணை நிறுத்திப் பேசச் சொல்லிவிட்டு, மேலே கேட்கிறதா என்று சோதனை. "கேக்குதும்மா. மேல சாப்பிட்டவங்களுக்குக் கீழ அழுதது எல்லாமே கேட்டிருக்கும்" என்றாள். சோதனைக்கூடத்துக்காரி பெற்ற பிள்ளை.

சாயங்காலம் கடலில் நம் இருவர் மணிக்கட்டையும் பிடித்த பிடியை அவள் விடவில்லை. உங்களால் ஒதுங்க முடியவில்லை. பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டியும் இடுப்புவரை நனைந்து நின்றீர்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பைப் பார்த்து ஒன்றும் முடிவு கட்ட வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதமே.

படிவத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?

வா. அம்மா


மார்ச் 1, ஞாயிறு

அன்புள்ளவளுக்கு,

படிவம் இதோடு இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டேன். இரண்டு இடத்தில் போட வேண்டியிருந்தது, இரண்டாவது கொஞ்சம் கோணலாக விழுந்துவிட்டது. செல்லாது என்று சொன்னால் இன்னொன்று அனுப்பு, நிமிர்த்திப் போட்டுத் தருகிறேன்.

உன்னிடம் சொல்லாத ஒன்று. நீ கடையில் தண்ணீர் வாங்கப் போனபோது கரையில் அவளிடம் கேட்டேன், "கீழ பேசினது மேல கேக்குதான்னு எதுக்குடா பாத்த?" மணலைக் கிளறிக்கொண்டே சொன்னாள்: "நம்ம பழைய வீட்ல நீங்க ரெண்டு பேரும் சமையல்கட்டுல மெதுவாத்தான் பேசுவீங்க. எனக்கு எல்லாம் கேக்கும்ப்பா. ஆனா நான் தூங்கற மாதிரி இருப்பேன்." அதற்குப் பிறகு அவள் கட்டிய மணல்வீட்டுக்கு நான் வெறுமனே தண்ணீர் எடுத்துக்கொடுத்தேன்.

அவளைத் தேடிய அந்தக் கால்மணி நேரத்தில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. ஆபரேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போகும்வரை நீ வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாய் என்று நர்ஸ் சொன்னாள். லிஃப்டில் ஆறு பேர் மாட்டியிருந்தார்கள், அதில் ஒரு கர்ப்பிணி, என்னால் விட்டுவிட்டு வர முடியவில்லை. இதை உனக்கு நூறு தடவை விளக்கியிருக்கிறேன். விளக்கம் உண்மைதான். ஆனால் ஒரு தடவைகூட நான் மன்னிப்புக் கேட்கவில்லை. வர வேண்டிய ஆள் வராமல் காத்து நிற்பது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாது, அதனால் கேட்கத் தோன்றவில்லை. இப்போது தெரியும். என்னை மன்னித்துவிடு.

இதைக் கையெழுத்துக்குப் பதிலாகக் கேட்கவில்லை. கையெழுத்தை முதலில் போட்டுவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நீ போ. அங்கே நன்றாக இரு. சனிக்கிழமைகளை நான் ஏதாவது செய்து ஓட்டிக்கொள்கிறேன்.

உன்
வாண்டுவின் அப்பா


மார்ச் 21, சனிக்கிழமை

என்னங்க,

மூன்று வாரமாகப் பதில் போடவில்லை. பையில் கடிதம் இல்லையென்று தெரிந்ததும் நீங்கள் அவளிடம் "அம்மாவுக்கு வேலை அதிகமா?" என்று மட்டும் கேட்டீர்களாம். நான் எழுதாததற்கு வேலை காரணமில்லை. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன், அவ்வளவுதான். நான் காத்திருந்த வார்த்தை ஒன்றே ஒன்று. அதற்காக இத்தனை மாதம் பிடிவாதம் பிடித்தேன். வந்தபிறகு அதை என்ன செய்வது என்று தெரியவில்லை.

படிவத்தைக் கொடுத்துவிட்டேன். கோணல் கையெழுத்து செல்லும் என்றார்கள். புதன்கிழமை அந்த ஊருக்குப் போய் வீடு பார்த்தேன். இரண்டாவது மாடி, இரண்டு அறை, ஒரு கூடம். சமையல்கட்டில் நல்ல வெளிச்சம். குழாய்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்தேன், பழக்கதோஷம்.

வீட்டுக்காரர் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு கேட்டார்: "எத்தனை பேரும்மா இருப்பீங்க?"

"மூணு பேர்" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. வாய் அதுவாகச் சொல்லிவிட்டது. அவர் எழுதிக்கொண்டார். "சார் என்ன பண்றார்?" என்று அடுத்த கேள்வி. லிஃப்ட் மெக்கானிக் என்றேன். "அடடா, பக்கத்து பில்டிங்ல ரெண்டு லிஃப்டும் நின்னு மாசக்கணக்காச்சு. எப்ப வர்றார்?" என்று கேட்டார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி வந்துவிட்டேன்.

எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. உங்களுக்கு அங்கே வேலை கிடைக்குமா, நமக்குள் மறுபடி ஒத்துவருமா, எதுவும் எனக்குத் தெரியாது. சண்டை வரும். வந்தால் சத்தமாகவே போட்டுவிடலாம், குழந்தை காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்க வேண்டாம்.

நான் மூன்று பேர் என்று சொன்னது பொய் என்றால், நாளை சாயங்காலம் ஒரு வரி எழுதி அவள் பையில் வையுங்கள். திங்கட்கிழமை வீட்டுக்காரருக்குப் போன் செய்து இரண்டு பேர் என்று திருத்திவிடுகிறேன்.

பொய் இல்லையென்றால் எழுத வேண்டாம். நாளை அவளை எப்போதும்போலத் தெருமுனையில் இறக்கிவிட்டுத் திரும்பாமல், கூடவே என் வீட்டுக்கு மாடியேறி வாருங்கள்.