சாதுவான குட்டி

7 பிப்ரவரி 2016, ஞாயிறு. திருவையாறு

ரோஸிக்கு ஏழு குட்டிகள். ஏழும் நலம், வயது முப்பத்தாறு நாள். சொன்னவர் ஜெக்கரியா, ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், திருவாரூரில் லாப்ரடார் நாய் வளர்க்கிறார். காலையில் போன்.

மனைவி அம்சவல்லியிடம் சொன்னேன். "இன்னொன்னைப் புதைக்க என்னால முடியாதுங்க" என்றாள். போன வருடம் வாங்கிய குட்டி ஆறே நாளில் செத்தது. மடியில் போட்டால் அசையாமல் கிடக்கும். சாது, சாது என்று இருவரும் கொஞ்சினோம். அது நோய். முப்பது வருடம் செய்தி எழுதியவன், தாயைக்கூடப் பார்க்காமல் வாங்கியிருந்தேன்.

9 பிப்ரவரி

ரோஸியைப் பார்த்தேன். ஜெக்கரியா குளத்தில் தென்னை மட்டைத் துண்டை வீசினார். ரோஸி நீந்திப் போய், பல் பதியாமல் கவ்வி வந்து என் கையில் கொடுத்தது. பரம்பரைக் கோளாறு இல்லையென்று காட்ட அதன் இடுப்பு எக்ஸ்ரே, கண் பரிசோதனைச் சீட்டு இரண்டும் இருக்கின்றன. தகப்பனுடையதும் கேட்டேன்.

"என்ன சார், பட்டா சிட்டா அடங்கல்லாம் கேப்பீங்க போலிருக்கே!"

"வில்லங்கமும் பாப்பேன்."

தகப்பன் திருச்சியில். அங்கிருந்து எக்ஸ்ரே எடுத்து அனுப்பச் சொல்கிறேன் என்றார் ஜெக்கரியா.

12 பிப்ரவரி

பாபநாசத்தில் கோயில் நிலக் குத்தகை விசாரணை, செய்திக்காகப் போனேன். அதிகாரி குத்தகைக்காரர்களைச் சாதுவான ஜனங்கள் என்று பாராட்டினார். மூன்று தலைமுறையாக அந்த நிலத்தை உழும் குடும்பத்துத் தங்கையன் வெளியே வந்து சொன்னார்: "பேசாம நின்னா சாதும்பாங்க சார். காலையிலேருந்து ஒண்ணும் திங்கல, அதான் பேசல."

14 பிப்ரவரி, ஞாயிறு

அம்சவல்லியோடு திருவாரூர். ஆறு குட்டிகள் அவள் புடவையைப் பிடித்து இழுத்தன. ஒன்று மட்டும் மூலையில் கிடந்தது. நேராகப் போய் அதைத்தான் தூக்கி மடியில் போட்டாள். "இதாங்க! பாருங்க, எவ்வளவு சாது!"

மறுபடியுமா? அதே மடி, அதே சொல் — வேணாம், கீழ விடுன்னு கத்தணும் போல இருந்தது. குனிந்து அதன் ஈறு பார்த்தேன்: இளஞ்சிவப்பு, வெளுக்கவில்லை. கண், மூக்கு சுத்தம்.

ஜெக்கரியா சிரித்தார். "சாதுவா? வயிறு முட்டக் குடிச்சிட்டுத் தூங்குதும்மா."

விற்கிறவர் சொல் மட்டும் போதாது.

16 பிப்ரவரி

ஜெக்கரியாவிடம் சொல்லாமல் மாலை நான்கு மணிக்குப் போனேன். அந்தக் குட்டி என் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடியது. கூப்பிட்டதும் திரும்பி வந்தது. செருப்பைத் தரவில்லை.

22 பிப்ரவரி

தகப்பன் எக்ஸ்ரே வந்தது. தஞ்சாவூர் கால்நடை மருத்துவர் ஹபீபுன்னிசா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இடுப்பு நல்லா இருக்கு சார். தைரியமா வாங்குங்க." எழுதியும் வாங்கிக்கொண்டேன்.

28 பிப்ரவரி, ஞாயிறு

குட்டி வீட்டில். முதலாவது தடுப்பூசி நேற்றே போட்டாயிற்று. அம்சவல்லி 'அது' என்றுதான் சொல்கிறாள். பெயர் கேட்டேன், பேச்சை மாற்றினாள்.

6 மார்ச், ஞாயிறு

தேர்தல் அறிவித்தாயிற்று. குத்தகை உத்தரவு இனி மே மாதத்துக்குப் பிறகுதான் என்கிறார் தாசில்தார் அலுவலக எழுத்தர்.

காலையில் கொல்லையிலிருந்து அம்சவல்லியின் குரல்: "ஏய் செவந்தி, குடுடி அதை! குடுங்கிறேன்ல!"

யார் செவந்தி என்று எட்டிப் பார்த்தேன்.

செவந்திக்கு இரண்டாவது தடுப்பூசி மார்ச் 19, சனிக்கிழமை.