இரண்டு தடவை அடித்த மணி

என் உயிரான என்னங்க,

உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. கடிதத்திலும் வரமாட்டேன் என்கிறது. நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஊருக்கெல்லாம் நான் சொன்ன ஒரு பொய்யை இன்று உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு ஊட்டி போகலாம் என்றேன். நீங்கள் ஏதோ பத்திரிகையில் படித்துவிட்டு வந்து, "எஸ்தர், வெளிநாட்டுல திராட்சைத் தோட்டம் தோட்டமா சைக்கிள்லயே போறாங்களாம். அங்கங்க நின்னு ஒயின் குடிக்கிறாங்களாம். நமக்குத்தான் பக்கத்துலயே தொட்டபள்ளாப்பூர் திராட்சைத் தோட்டமெல்லாம் இருக்கே!" என்றீர்கள். தசரா விடுமுறையில் பெங்களூர் காக்ஸ் டவுனிலிருந்து ஆளுக்கொரு சைக்கிளில் கிளம்பினோம். பக்கத்து வீட்டு மேரி அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

நான் பள்ளியில் பி.டி. டீச்சர். நீங்களோ ஒரு இட்லியை அரை மணி நேரம் சாப்பிடுகிற ஆள். அதனால்தான் அந்த ஏற்பாடு: பின்னால் வருகிறவர் இரண்டு தடவை மணி அடித்தால் முன்னால் போகிறவர் நிற்க வேண்டும். சும்மா சும்மா அடித்தீர்கள்! என்னவோ ஏதோ என்று நின்று திரும்பினால், "அந்தக் குலையைப் பாரேன், என்ன நீலம்!", "கல்தூண் மேல மைனா பாரேன்!" ஒயின் பண்ணை வாட்ச்மேன் நம்மை உள்ளே விடாமல் கை நிறையத் திராட்சை மட்டும் கொடுத்து அனுப்பினார். அதையே பெரிய துரை மாதிரி வாயில் உருட்டி உருட்டி ருசி பார்த்தீர்கள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. "சீக்கிரம் மிதிங்க, நனைஞ்சா உங்களுக்கு இழுப்பு வந்துடும்" என்றேன். "நீ போம்மா, நான் மெல்ல வர்றேன்" என்றீர்கள். எரிச்சலோடு மிதித்துக்கொண்டு போனேன்.

மணி கேட்டது.

காற்றில் ஒன்றும் கேட்கவில்லை என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன், நம் மகன் டேவிடிடமும், பாதிரியாரிடமும். கேட்டதுங்க. இரண்டு தடவை, தெளிவாகக் கேட்டது. 'இந்த மனுஷனுக்கு மழையிலும் மைனாவா!' என்று முணுமுணுத்தபடி திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டேன்.

டீக்கடையில் இரண்டு டீ சொன்னேன். உங்களுடையது ஆறுகிறதே என்று அதையும் நானே குடித்தேன். கடைக்காரரிடம் உங்களைப் பற்றிக் குறை வேறு. அப்போது திராட்சை ஏற்றி வந்த டெம்போக்காரர் இறங்கி, "சைக்கிள்ல வந்த ஐயா உங்க வூட்டுக்காரராம்மா? தோட்டத்து ஓரமா உக்காந்துனு இருக்காரு. கூப்ட்டா அசையல" என்றார்.

கல்தூணில் சாய்ந்திருந்தீர்கள். சைக்கிளை ஸ்டாண்டு போட்டுப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் வைத்திருந்தீர்கள். பூட்டுவதற்கு நேரம் இருந்திருக்கிறதே! அப்படியானால் நான் வந்து சேரவும் நேரம் இருந்ததா? "நீங்க பக்கத்துல இருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதும்மா" என்றார் டாக்டர். உயிரைப் பிடித்து வைத்திருக்க முடியாது, சரி. கையைப் பிடித்திருக்க முடியாதா? நெஞ்சு வலித்து அடித்தீர்களா, குலையைக் காட்ட அடித்தீர்களா? ஒரு கனவிலாவது வந்து சொல்லிவிட்டுப் போனால் என்ன?

டேவிடுக்கு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது. போன வாரம், "அப்பா சைக்கிள் சும்மாதானேம்மா நிக்குது, யாருக்காச்சும் குடுத்துடலாமா?" என்றான். "தொட்டுப் பாரு!" என்று கத்தினேன். பிள்ளை முகம் வாடிப்போய்விட்டது. ஏன் கத்தினேன் என்று இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும். நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நேற்று மார்க்கெட்டில் பின்னால் இரண்டு தடவை மணி கேட்டது. நடுரோட்டில் அப்படியே நின்றுவிட்டேன். பால்காரர். "வழி வுடும்மா!" என்றார். திரும்பி அவர் முகத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். பாவம், பயந்துபோனார்.

இனி நிற்பேனுங்க, சத்தியமாக நிற்பேன். மைனாவுக்கென்றாலும் சரி, எவ்வளவு மழையென்றாலும் சரி. இன்னும் ஒரே ஒரு தடவை அடியுங்கள்.

நிற்காமல் முன்னால் போய்விட்ட உங்கள் மனைவி,
எஸ்தர்