சன்னலோரத்து ஸ்விட்ச்

அப்பா,

இன்று காலை அந்தக் கதவைத் தள்ளியதும் வறுத்த காப்பிக்கொட்டை வாசனை வந்தது. நாம் கடைசியாக உள்ளே போனபோது பெயிண்ட் வாடைதான் அடித்தது. கடற்கரைப் பக்கத்து அந்தப் பழைய வீட்டைக் காப்பிக் கடையாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் ஏணிமேல் நின்று ஒயர் இழுத்தீர்கள். நான் சன்னல் திட்டில் உட்கார்ந்து நூலகப் புத்தகம் படித்தேன். வெளியே வேப்பமரம் இருப்பதால் அங்கே நாலு மணிக்கே இருட்டிவிடும்.

"பாப்பா, எழுத்து தெரியுதா?"

"தெரியுதுப்பா."

"பொய் சொல்லாத. புக்கு மூக்குல இடிக்குது."

உடனே கடைக்கார அம்மாவைக் கூப்பிட்டீர்கள். "மதாம், இங்க ஒரு லைட்டு போட்டுடறேன். பிளான்ல இல்ல. ஆனா இந்த எடத்துல யாராச்சும் படிப்பாங்க."

"காப்பி குடிக்க வராங்களா, பரீட்சை எழுத வராங்களா?" என்று அவர் சிரித்தார். "சரி, போடுங்க."

உட்கார்ந்திருந்த என் தோள் உயரத்துக்குச் சுவரில் பென்சிலால் கோடு போட்டீர்கள், ஸ்விட்சுக்கு. வீட்டில் என் கட்டில் பக்கத்திலும் அப்படித்தானே வைத்தீர்கள்? "லைட்டு போட எழுந்து போனா படிச்ச வரி தவறிப்பூடும்" என்பீர்கள். கடை திறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் என்னையும் அழைத்துவருவதாகச் சொன்னீர்கள்.

மறு வாரம் நெஞ்சுவலி என்றீர்கள். அவ்வளவுதான்.

மீதி வேலையை வேறொருவர் முடித்தார். பிளானில் இல்லாத விளக்கை அவர் எதற்கு மாட்டப்போகிறார்? கடை திறந்த பிறகு நெல்லித்தோப்பிலிருந்து சைக்கிளில் நான்கு முறை வந்தேன். நான்கு முறையும் வாசலோடு திரும்பிவிட்டேன். உள்ளே அந்தச் சுவர் வெறுமையாக இருந்தால் என்ன செய்வேன் என்று பயம்.

அம்மா வரமாட்டேன் என்றார். "அவரு இல்லாம அங்க என்னா சாப்பாடு?" நேற்று இரவு அவரே, "சரி, வா. நீ இப்படி மூஞ்ச தூக்கி வச்சிக்கினு இருந்தா எனக்கும்தான் சோறு எறங்கல" என்றார்.

நாங்கள் போனபோது மணி பத்தரை. காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் சேர்ந்த வேளையாம், பிரஞ்ச் என்று பலகையில் எழுதியிருந்தது. சன்னல் மேசையில் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் எழும்வரை நான் வேறெங்கும் உட்காரவில்லை. அம்மாவுக்குப் பசி. "ஏன்டி, அந்த நாற்காலில உக்காந்தா கடிக்குமா?" என்று முணுமுணுத்தார்.

காப்பி கண்ணாடிக் குடுவையில் வந்தது, பால் இல்லாமல், கூடவே ஒரு சின்னக் கோப்பை. அம்மா பழக்கத்தில் குடுவைக்கும் கோப்பைக்குமாக ஆற்றத் தொடங்கிவிட்டார். பரிமாறிய அண்ணன் பதறினார். "அக்கா, ஆத்தக் கூடாது, வாசன போயிடும்!"

"சூடா குடிச்சா நாக்கு போயிடுமே தம்பி" என்றார் அம்மா. ஒரு வாய் குடித்துவிட்டு, "புளிக்குது. அவரு இருந்தா எழுந்தே போயிருப்பாரு" என்றார். நீங்கள் போன பிறகு உங்களைப் பற்றிச் சிரித்துக்கொண்டே அவர் பேசியது இதுதான் முதல் தடவை.

திட்டில் உட்கார்ந்த எனக்கு மேலே சுவரில் பித்தளை மூடி போட்ட ஒரு விளக்கு இருந்தது. அது அழகுக்காக வைத்ததாகவும் இருக்கலாமே! நான் பார்க்காமலே சுவரில் கையை ஓட்டினேன். ஒரு செடித்தொட்டி தடுத்தது. அதற்குப் பின்னால், நீங்கள் கோடு போட்ட இடத்திலேயே, விரலில் பட்டது ஸ்விட்ச். இப்போது அது என் தோளுக்கு நாலு விரல் கீழே இருக்கிறது. திட்டில் மெத்தை போட்டதாலா, நான் வளர்ந்ததாலா, தெரியவில்லை.

அழுத்தினேன். தட்டின் மேலும், அப்பத்தின் மேலும், என் புத்தகத்தின் மேலும் மஞ்சள் வெளிச்சம் விழுந்தது.

"அங்க ஒரு ஸ்விட்ச் இருக்கா?" என்றார் அந்த அண்ணன். "இத்தன நாளா எங்களுக்கே தெரியாது. உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"அவ அப்பா கோடு போட்டு வச்ச எடம்" என்றார் அம்மா. பிறகு என்னிடம் மெதுவாக, "அணைச்சிடு பாப்பா. பட்டப்பகல்ல எரிஞ்சா உங்கப்பா கத்துவாரு" என்றார். ஆனால் நான் கை நீட்டியபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். காப்பி தீரும்வரை விடவில்லை.

எந்த அறைக்குள் போனாலும், இங்கே படிப்பவர் எங்கே உட்காருவார் என்றுதான் என் கண் முதலில் தேடுகிறது, அப்பா. அது உங்கள் கண். கிளம்பும்போது விளக்கை அணைத்துவிட்டேன். அடுத்து வருபவருக்கு ஸ்விட்ச் தெரியட்டும் என்று செடித்தொட்டியை ஒரு சாண் நகர்த்தி வைத்துவிட்டு வந்தேன்.