கைக்கு எட்டும் கொண்டி

ஜனவரி 20, திங்கள்

பட்டறைக்காரர் கைவிரித்துவிட்டார். "சைடு வீல் போட்ட வண்டியில வீல்சேரையும் மாட்டினா பாரம் இழுக்கும்மா. நாளைக்கு ஒண்ணுன்னா என் தலையில விடியும்." சரி, அவர் தலை பத்திரமாக இருக்கட்டும்.

ஒரத்தநாட்டில் யூனுஸ் பாயின் விதைக்கடையில் இவருக்கு வேலை இருக்கிறது, பில் போடுவதற்கு. "தை முடியறதுக்குள்ள வந்துடுங்க இனியவன், அதுக்கு மேல ஆள் இல்லாம சமாளிக்க முடியாது" என்று அவர் போனில் சொன்னது எனக்கும் கேட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லாவிட்டாலும் இவர் ஸ்கூட்டரை நன்றாகவே ஓட்டுகிறார். ஆனால் வீல்சேரும் கூட வந்தால்தான் இறங்க முடியும். இல்லாவிட்டால் கடை வாசலில் வண்டி மேலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

வீல்சேரைத் தாங்க ஒரு பிராக்கெட். நானே செய்யப் போகிறேன். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவள் நான். கல்யாணத்துக்குப் பிறகு பள்ளிக்கூட ஆபீஸ் பேனாவையும் அடுப்படி இடுக்கியையும் தவிர எதையும் பிடித்ததில்லை, அவ்வளவுதான்.

ஜனவரி 22, புதன்

பழைய கட்டிலின் இரும்பு ஆங்கிளை அறுத்தேன். கை காய்த்துவிட்டது. அத்தை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில், "அவன் தனியா போறதுக்கு நீயே வழி பண்றியாம்மா?" என்று கேட்டார்கள்.

மறுபடி ரம்பத்தை எடுத்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே தை மாசம், ரோட்டில் காயப்போட்ட நெல்லில் பைக் வழுக்கித்தான் இவர் விழுந்தார். இப்போதும் ஒரத்தநாடு வரைக்கும் பாதி ரோட்டில் நெல்தான் கிடக்கிறது.

ஜனவரி 26, ஞாயிறு

பின்சீட்டுக்கு அப்பால் பிராக்கெட்டை மாட்டி, வீல்சேரை மடித்து நிறுத்தி, கொண்டியைப் போட்டாயிற்று. இவர் ஓட்ட, நான் பின்னால். பாலம் தாண்டியதும் கடகடவென்று சத்தம். திரும்பிப் பார்த்தால் ஒரு நட்டைக் காணோம். சேர் ஒரே போல்ட்டில் தொங்குகிறது! வீடு வரைக்கும் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

வழியில் நெல் கிளறிக்கொண்டிருந்தவரிடம் கத்திவிட்டேன். "ரோடு என்ன உங்க வீட்டுக் களமா?" பாவம், அவர் வேறு எங்கே கொண்டுபோய்க் காயப்போடுவார். இவரோ, நெல் வந்த இடத்திலெல்லாம் வண்டியை மெதுவாக்கி ஓரம் பார்த்து ஓட்டினார். நான்தான் ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஜனவரி 27, திங்கள்

லாக் நட்டு போட்டேன். பிராக்கெட்டுக்கும் வண்டிக்கும் நடுவில் சைக்கிள் டியூப் வெட்டி வைத்தேன். இனி யார் வந்து ஆட்டினாலும் ஆடாது.

பிப்ரவரி 1, சனி

இன்று மறுபடியும் ஓட்டிப் பார்த்தோம். ஒரு சத்தம் இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. வாசலில் நிறுத்தியதும் வழக்கம்போலக் குதித்து இறங்கிக் கொண்டியைத் திறக்கப் போனேன்.

"இரு. நான் எடுக்கறேன்" என்றார்.

உட்கார்ந்தபடியே உடம்பைத் திருப்பிக் கையை நீட்டினார். எட்டவில்லை. சீட்டில் நகர்ந்து பார்த்தார். ஒரு சாண் பாக்கி. முகமெல்லாம் வேர்த்துவிட்டது.

"நீ நின்னுக்கிட்டே செஞ்சிருக்க, செந்தாமரை."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. நான்தான் கத்தினேன். கை கிழிஞ்சு செஞ்சிருக்கேன், அதுல நொட்டை சொல்றீங்களா, நீங்களே பண்ணிக்கோங்க - என்னவெல்லாமோ சொன்னேன். இவர் தலை குனிந்து வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 2, ஞாயிறு

தூக்கமே இல்லை.

வேணும்னேவா செஞ்சேன்? இல்லை. சத்தியமா இல்லை. ஆனா இத்தனை நாள் அளவெடுத்தேனே, அவர் கை எதுவரைக்கும் வரும்னு ஒரு தடவைகூட ஏன் பாக்கல? நான் இல்லாம அவர் இறங்கவே முடியாத மாதிரி ஒண்ணைச் செஞ்சு வச்சுட்டு, பிரமாதம்னு நானே சொல்லிக்கிட்டேன். பயம்தான். வேற என்ன.

மத்தியானம் எல்லாவற்றையும் கழற்றினேன். இவருடைய துண்டால் என் இரண்டு முட்டியையும் சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தேன். திரும்பக்கூட முடியவில்லை. இவ்வளவு கஷ்டமா? இத்தனை நாள் பக்கத்திலேயே இருந்தும் தெரியாமல் போயிற்றே என்று அழுகை வந்துவிட்டது.

இவர் சேரை உருட்டிக்கொண்டு வந்து சாக்பீஸை நீட்டினார். "இடது பக்கம் வை. கொண்டி என் இடுப்புக்கு நேரா. ஓட்டை போடறதுக்கு முன்னாடி என்னைக் கேளு."

கேட்டேன். இரண்டு இடத்தில் வேண்டாம் என்றார். மூன்றாவது இடத்தில் டிரில் பண்ணினேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

சேரைத் தானே இறக்கினார், தானே விரித்தார், தானே மாறி உட்கார்ந்தார். முதல் தடவை சேர் சரிந்தது. ஓடப் போன என்னை ஒரு பார்வை பார்த்தார். நின்றுவிட்டேன்.

பிப்ரவரி 10, திங்கள்

வேலைக்கு முதல் நாள். சட்டையை நான்தான் தேய்த்தேன், அதற்கு மட்டும் விட்டார். நானும் கூட வரட்டுமா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை.

பள்ளிக்கூட ஆபீசில் நான் இன்று என்ன எழுதினேனோ தெரியாது. கடை மூடி, இவர் வந்து சேர வேண்டிய நேரமும் தாண்டிவிட்டது. "போன் போடு, நெல்லு கெடக்குற ரோடு" என்று அத்தை அழாத குறை. போனைக் கையில் எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். வண்டி ஓட்டும்போது மணி அடித்தால் எடுக்கத் தோன்றும். வைத்துவிட்டேன்.

இருட்டும் நேரத்தில் வண்டிச் சத்தம். எழுந்துவிட்டு, மறுபடி உட்கார்ந்தேன். கொண்டி திறக்கும் சத்தம். சேர் தரையில் பட்டது. கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்கவில்லை - பல்லைக் கடித்துக்கொண்டேன். பிறகு சரிவுப் பலகையில் சக்கரம் ஏறியது.

"ஏன் இவ்வளவு நேரம்?"

"புது ஆத்துக் கரையில கொஞ்சம் உக்காந்திருந்தேன்."

"ஆத்துல தண்ணியே இல்லையே. யாரோட?"

"யாரும் இல்ல" என்று சிரித்தார். "விழுந்ததுலேர்ந்து இன்னைக்குத்தான் பக்கத்துல யாருமே இல்லாம இருந்தேன். நல்லா இருந்துச்சு."

எனக்குச் சுருக்கென்றது. பிறகு காபி போட்டுக் கொடுத்தேன். நாளைக்கும் நேரமாகுமாம்.