கம்பெனியை யார் பார்த்தது?

அண்ணே,

நேற்று மதியம் மதினி மணியாச்சிக்குப் போய்த் திரும்புகிற வழியில் கடம்பூர் போளி வாங்கிக்கொண்டு, உன் மகளையும் கூட்டிக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்தாள். பொட்டலத்தைப் பிரித்ததுமே நெய் வாசனை வீடு முழுக்கப் பரவியது. உன் மகளுக்கு வெளிநாட்டில் ஒரு பெரிய ஓட்டலில் வரவேற்பு வேலையாம். அவள் மனுப் போடவில்லை. யாரும் அவளை நேரில் பார்க்கவும் இல்லை. வாட்ஸ்அப்பில் தானாக வந்து விழுந்த வேலை. இந்த வாரத்துக்குள் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட வேண்டுமாம்.

"இந்தா, ஒண்ணு தின்னு. ஆளை நல்லா விசாரிச்சாச்சு" என்றாள் மதினி.

எடுத்த போளியைத் தட்டிலேயே போட்டேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அதைத் தெருவில் வீசியிருப்பேன். நீயும் அன்றைக்கு இதே போளியைத்தான் வாங்கி வந்தாய், இதே சொல்லைத்தான் சொன்னாய்.

விசாரிப்பதில் உன்னை மிஞ்ச ஆள் கிடையாது. எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது புதூர்ப் பக்கம் ஒரு ஊர் விடாமல் அலைந்தாய். டீக்கடையில் அரைநாள் உட்கார்ந்திருப்பாய். முடிவெட்டுகிறவரிடம் கேட்பாய், ஆடு மேய்க்கிறவரிடம் கேட்பாய், பக்கத்துக் காட்டுக்காரரிடம் வரப்புத் தகராறு உண்டா என்று கேட்பாய். பெற்ற தாயைப் பஸ் ஸ்டாப்பில் வைத்து அதட்டினான் என்பதற்காக ஒரு அரசாங்க உத்தியோகக்காரனையே வேண்டாம் என்று விட்டு வந்தாய். "ஆளு சரியா இருந்தா போதும்ட்டி, மத்தது தானா சரியாகும்" என்பாய். நீ விசாரித்துக் கட்டிவைத்தவரோடு நான் குறையில்லாமல்தான் வாழ்கிறேன். கோபத்தில் அதை மறைக்கக் கூடாது.

ஆனால் நீ வேலையையும் மாப்பிள்ளை மாதிரியே விசாரித்தாய். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மில்லில் எலக்ட்ரீசியனாக நன்றாகத்தான் இருந்தாய். கடல் தாண்டி ஒரு கம்பெனிக்கு நீ தேர்வாகிவிட்டதாக ஒரு நாள் உன் போனுக்குச் செய்தி வந்தது. "நீ கேக்கவே இல்லையே, அவனுக்கு உன்னைய எப்படிண்ணே தெரியும்?" என்றேன். "வீடு தேடி வார வேலையையும் குத்தம் சொல்லுதியே" என்றாய். அனுப்பிய ஏஜென்ட் கடம்பூருக்குக் கிழக்கே ஒரு ஊர்க்காரன் என்று தெரிந்ததும் உனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மறுநாளே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாய்.

"அவிய அப்பாவைப் பாத்தேம்ட்டி. ஊருக்குள்ள எம்புட்டு மரியாதை தெரியுமா? கரிசக்காடு கண்ணுக்கெட்டுன தூரம் கிடக்கு. பொய் சொல்லுத குடும்பம் இல்ல."

"சரி, கம்பெனியை யாரு பாத்தா?"

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "கம்பெனி கடலுக்கு அங்கிட்டுல்லா இருக்கு. அதைப் பாக்கத்தான அவன் இருக்கான்" என்று சொல்லி என் வாயில் போளியைத் திணித்தாய்.

அவனும் பார்க்கவில்லை அண்ணே. எவனோ அவனுக்கு அனுப்பிய செய்தியை அவன் உனக்குத் தள்ளிவிட்டான், ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டான், அவ்வளவுதான். போன புதிதில் நீ பேசியபோது உன் குரலே சரியில்லை. "கம்பெனின்னு ஒண்ணுமே இல்லட்டி. ஒரு தகர ஷெட்டுதான். பாஸ்போர்ட்டை வாங்கி வச்சுக்கிட்டான்வ. மதினிட்ட சொல்லிராத" என்றாய். ஊர் சுற்றிப் பார்க்க வந்தவன் என்று சொல்லி உன்னை அந்த நாட்டுக்குள் விட்டு, வெயிலில் கம்பி கட்ட வைத்தார்கள். காய்ச்சல் வந்தபோது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவில்லை. காகிதம் இல்லாத ஆளைக் கொண்டு போனால் அவர்கள் மாட்டிக்கொள்வார்களாம். நீ பெட்டிக்குள் வந்து சேர்ந்தாய்.

அந்த ஏஜென்ட் மாலையோடு வந்தான். உன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான், நிஜமாகவே அழுதான். கூட வந்த அவன் அப்பா கைகூப்பி நின்றார். நீ சொன்னது சரிதான், மரியாதையான குடும்பம்தான். "பாவம், அந்தப் பையனுக்கும் ஒண்ணும் தெரியாதாம்" என்று நம் சனம் அவனுக்குப் பரிந்து பேசியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெரியாத இடத்துக்கு எதற்கடா எங்கள் அண்ணனை அனுப்பினாய் என்று கேட்டு, மாலையைப் பிடுங்கி வாசலில் எறிந்தேன். சாவு வீட்டில் நான் மட்டுமே மரியாதை தெரியாதவளாகப் போனேன். இன்றைக்கும் எனக்கு அதில் வருத்தம் இல்லை.

இப்போது மதினி வந்து அதே கதையைச் சொல்கிறாள். அந்த ஓட்டல் வேலையை அனுப்பிய பெண் மணியாச்சிக்காரியாம். அப்பா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். மதினி நேரில் போய் அவர்கள் வீட்டில் காப்பி குடித்துவிட்டு வந்திருக்கிறாள். "அண்ணன் போனதை மறந்துட்டீங்களா மதினி?" என்று கேட்டே விட்டேன்.

"அவியளுக்கு வெயில் ஒத்துக்கல. இது ஏசிக்குள்ள உக்காந்து பாக்குத வேலை" என்றாள்.

உன்னை வெயில் கொன்றது என்று இத்தனை நாளாக அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள் அண்ணே. அவளைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை.

உன் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். அந்தச் செய்தியில் இருந்த நம்பரைத் தொடாதே என்றேன். ஓட்டலின் சொந்த இணையதளத்தைத் தேடி எடுத்து, அதில் இருந்த நம்பருக்குக் கூப்பிடச் சொன்னேன். உன் மகள் ஆங்கிலம் என்ன அழகாகப் பேசுகிறாள் தெரியுமா? ஓட்டல் நிஜமாகவே இருந்தது. மதினி முகம் மலர்ந்து என்னைப் பார்த்தாள். ஆனால் அங்கே பேசியவர், தாங்கள் யாரையும் எடுக்கவில்லை, இந்தியாவில் தங்களுக்கு ஏஜென்டே கிடையாது என்று சொல்லிவிட்டார். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்ப அரசாங்கத்தில் பதிந்திருக்க வேண்டும். அதையும் போனிலேயே பார்த்தோம். மணியாச்சிக்காரி பெயர் எங்கேயும் இல்லை.

எல்லாம் ஒரு காப்பி ஆறுகிற நேரத்துக்குள் முடிந்துவிட்டது. அதுதான் என்னை இன்னும் எரிக்கிறது. எனக்காக ஊர் ஊராக அலைந்த உனக்கு இந்த ஒரு போன் போடத் தோன்றவில்லை. கேட்ட என்னைப் பார்த்துச் சிரித்தாய்.

"நல்ல குடும்பமாச்சே" என்று மதினி அழுதாள்.

"எங்க அப்பாவையும் நல்ல குடும்பந்தானம்மா அனுப்புச்சு" என்றாள் உன் மகள்.

அந்த நேரம் பார்த்து மணியாச்சிக்காரியே கூப்பிட்டாள். போனை நான் வாங்கினேன். "அக்கா, நானும் நம்ம பக்கந்தான்..." என்று தேனாகத் தொடங்கினாள். "உன் ஊரை நான் கேக்கல தாயி. அங்கன வேலை இருக்கான்னு நீ பாத்தியா?" என்றேன். படக்கென்று போனை வைத்துவிட்டாள்.

நீ எனக்கு விசாரிக்கச் சொல்லிக்கொடுத்தாய். நீ சிரித்து ஒதுக்கிய கேள்வியையும் அதோடு சேர்த்து வைத்திருக்கிறேன். இந்த வீட்டில் எவர் வந்து விசாரிச்சாச்சு என்றாலும், ஆளையா, வேலையையா என்று கேட்காமல் விட மாட்டேன். உன் மேல் உள்ள கோபம் தீரவில்லை, தீரவும் வேண்டாம்.

உன் மகள் இன்று காலை, தான் வேலை பார்க்கிற தீப்பெட்டி ஆபீஸுக்கு வழக்கமான பஸ்ஸில் போனாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவாள்.